சும்மா பாத்தி

எங்கள் லயத்தில் கங்காணிமார் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆட்களுக்குக் கங்காணி, மற்றவர் புழுக்களுக்கு. முதலாமவரைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இரண்டாமவரைக் கண்டால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த இரண்டாமவர்தான் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

புழுக் கங்காணி என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியவள் மூன்றாம் காம்பராப் பெரியம்மா. சொந்தப் பெரியம்மா இல்லை. ஒரே கூரையின் கீழ் நீளமாகக் கட்டிய லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறைகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்குள் சொந்தம் எது, முறை எது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவளுக்கு வாய் நீளம். கொழுந்து எடுக்கிற மலையில் அவள் பேசத் தொடங்கினால் அடுத்த மலையில் நிற்பவர்களுக்கும் கேட்கும். "ஏன் தம்பி, காலையில புழுவெல்லாம் பெரட்டுல வரிசையா நின்னு பேரு குடுக்குதா?" என்று கேட்பாள். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். "எல்லாம் வந்திருச்சுங்கக்கா, நீங்கதான் லேட்டு" என்பார் மாமா. அவளே முதலில் சிரிப்பாள்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறுகிற வழியில் இருந்தது எங்கள் தோட்டம். மாமாவுக்கு அங்கே நிரந்தர வேலை கிடையாது. மாதம் ஒரு தடவை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் ஜீப்பில் வருவார். சிங்களவர், தடித்த கண்ணாடி போட்டிருப்பார், மழையோ வெயிலோ தொப்பியைக் கழற்றமாட்டார். தோட்டத்தில் காற்சட்டை போட்டு ஜீப்பில் வருகிறவர்கள் எல்லோரும் தொரைதான் என்பதால் இவர் பூச்சித் தொரை ஆனார். அவருக்காகத் தேயிலைச் செடிகளில் இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புழுக்களை எண்ணி எழுதி வைப்பது மாமாவின் வேலை. ஒரு செடிக்கு எத்தனை சுருள், சுருளுக்குள் உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை. பதுளைக் கடையொன்றில் சில வருடங்கள் நின்றதால் மாமாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பூச்சித் தொரைக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா மருந்தடிக்கிற ஆள். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மலை மலையாகப் போவார், மாலையில் கண் சிவந்து தலைவலியோடு வருவார். சில வருடங்களுக்கு முன் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கென்று ஒரு விஷம் அடித்தார்களாம். வண்டு என்னமோ கொஞ்சம் அடங்கியது. ஆனால் இலைச்சுருட்டிப் புழுவைக் கொன்றுகொண்டிருந்த சின்னக் குளவிகள் கூண்டோடு செத்துப்போக, புழு தலைவிரித்தாடத் தொடங்கிவிட்டது. "நம்ம சேவுகனயெல்லாம் நாமளே சுட்டுட்டோம் மச்சான்" என்று மாமா அப்பாவிடம் சொல்வார். அப்பா டாங்கியைக் கழுவப் போய்விடுவார். அவர் அடித்த மருந்துதானே.

மாமா புழு எண்ணும்போது ஒன்றைக் கவனித்திருந்தார். சில புழுக்கள் விஷம் படாமலே கறுத்து, கொழகொழத்து, இலையில் தலைகீழாகத் தொங்கிச் செத்துக் கிடந்தன. பூச்சித் தொரையிடம் காட்டினார். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால் புழுவுக்கு வருகிற நோய், மனுசனுக்கு ஒன்றும் செய்யாது, வெளிநாடுகளில் அந்தக் கிருமியை வளர்த்துப் பொடியாக்கி விற்கிறார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், மாமாவுக்குப் பைத்தியம் பிடித்தது. செத்த புழுக்களைப் பால்மா டின்னில் சேர்த்தார். அம்மியில் அரைக்கப் போனவரை அம்மா விளக்குமாறோடு விரட்டினாள். பிறகு ஒரு கருங்கல்லைத் தேடிப் பிடித்து, அதில் நசுக்கி, தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, லயத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் மரக்கறித் தோட்டத்தில் கோவாச் செடிகளுக்கு, அதாவது முட்டைக்கோசுக்கு, தெளித்தார். நான்காம் நாள் கோவாவில் இருந்த பச்சைப் புழுக்கள் கறுத்துத் தொங்கின.

லயத்துப் பெண்கள் பயந்துபோனார்கள். செத்த புழுவைக் கரைத்துத் தெளித்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராதா? பெரியம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். மாமா என்ன செய்தார் தெரியுமா? எல்லோரும் பார்க்க அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். "ஐயே!" என்று மொத்த லயமும் ஒரே குரலில் கத்தியது. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா ஒரு வாரத்துக்கு அவருக்குத் தனிக் கோப்பையில்தான் தேத்தண்ணி கொடுத்தாள்.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த நாக்கை நீட்டிய முகம் இன்னும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. குரல் மட்டும் மறந்து போய்விட்டது. எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமா போகவேண்டியவராக இருந்தார். இந்தியாவுக்கு. மாமாவின் அண்ணன், தோட்டத்து ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு பிரித்துக்கொண்ட அந்தக் காலத்தில், குடும்பத்தில் எல்லோருடைய பெயரையும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். அம்மா கல்யாணமாகி அப்பாவின் குடியுரிமை மனுவில் சேர்ந்திருந்ததால் தப்பித்தாள். அப்பா இந்த நாட்டுக்கு எழுதியிருந்தார். ஆக ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். பெரிய மாமா முன்பே கப்பலேறிவிட்டார். சின்னவருக்கு மட்டும் தேதி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கண்டியில் இருந்த இந்திய ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. நான்கு மாதத்துக்குள் புறப்பட வேண்டும்.

அந்தக் கடிதத்தை மாமா பூச்சித் தொரையிடம் காட்டியபோது அவர் ஒரு வழி சொன்னார். இந்தக் கிருமித் தண்ணீரும் நீ இடித்து வைக்கிற இலைச் சாறும் உண்மையாகவே வேலை செய்கின்றன என்று ஒழுங்காகச் செய்து காட்டு. அதை நான் அறிக்கையாக எழுதி மேலே அனுப்புகிறேன். அந்த அறிக்கையை வைத்து உன்னை எங்கள் ஆளாக நிரந்தரமாக எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். வேலைக் கடிதம் கையில் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி நானே எழுதித் தருகிறேன். இதை மாமா வந்து அம்மாவிடம் சொன்ன அன்று அம்மா அடுப்படியில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். யாரை என்று தெரியவில்லை, அங்கே சாமி படம் எதுவும் இல்லை.

எனக்கும் எல்லாம் தெரியும். மாமா போகாமல் இருக்க வேண்டுமென்றால் பூச்சித் தொரைக்குத் தோட்டம் பிடிக்க வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு இது போதுமாக இருந்தது. பாதி தெரிந்திருப்பது ஒன்றும் தெரியாமலிருப்பதைவிட மோசம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாமா மூன்று பாத்தி போட்டார். பாத்திக்குப் பத்துக் கோவா, எல்லாம் ஒரே நாளில் நட்டவை. முதல் பாத்திக்கு இலைச் சாறு. காட்டுச் சூரியகாந்தி இலையும் பூண்டும் வேப்பங்கொட்டையும் சேர்த்து இடித்து ஊறவைத்தது. எங்கள் குளிருக்கு வேம்பு வராது. மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குக் கருவாடு கொண்டுவரும் லொறிக்கார முஸ்லிம் நானா ஒருவர் கொட்டையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். கசப்போடு கருவாட்டு வாடையும் சேர்ந்து, அந்தப் பாத்தியைத் தாண்டிப்போகும் நாய்கூட நின்று யோசித்துவிட்டுத்தான் போகும். இரண்டாம் பாத்திக்குப் புழுத் தண்ணீர். மூன்றாம் பாத்திக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றுவார், களை பிடுங்குவார், அவ்வளவுதான். அதற்கு லயத்தில் வைத்த பெயர் சும்மா பாத்தி.

அந்தச் சும்மா பாத்திதான் எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டது. அது மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற காலம். அரிசியைக் கண்ணால் காண்பதே பெரிய காரியம். மரவள்ளியும் கோவாவும் இருந்த வீட்டில்தான் பிள்ளைகள் தூங்கின. அப்படிப்பட்ட நாளில் ஒரு மனுசன் பத்துக் கோவாவை நட்டுவிட்டு, புழு தின்னட்டும் என்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

"பச்சப் புள்ளைங்க பசியில கெடக்குதுங்க. இவன் புழுவுக்குப் பந்தி போடுறான்" என்றாள் பெரியம்மா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மாமா பொறுமையாகச் சொன்னார். "அக்கா, இது சாட்சிக்கு. மருந்து போட்டது நல்லாருக்குன்னு நான் சொன்னா தொரை நம்புவாரா? இந்த வருசம் புழுவே இல்ல போலன்னுட்டுப் போயிருவாரு. பக்கத்துல ஒண்ணு கந்தலாக் கெடந்தாத்தான் இது தப்பிச்சுதுன்னு தெரியும்."

"என்னமோ போ" என்றாள் பெரியம்மா. அம்மா தலையாட்டினாள். அம்மா மாமா சொல்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். நானும் ஆட்டினேன். எனக்குச் சாட்சி என்றால் கோர்ட்டு, பொலிஸ்தான் தெரியும். பாவம், அந்தக் கோவா என்ன குற்றம் செய்தது என்றுதான் நினைத்தேன்.

வாரங்கள் போகப் போக மாமா சொன்னபடியே நடந்தது. முதல் இரண்டு பாத்தியும் பச்சைப் பசேலென்று இருக்க, சும்மா பாத்தி சல்லடைக் கண்ணாகிப் போனது. பள்ளி விட்டு வந்ததும் நான் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். புழு தின்னும் சத்தம் கேட்பது போலிருக்கும். ஒருநாள் ஒரு புழுவை எடுத்துப் போட்டுவிட்டேன். மாமா பார்த்துவிட்டார். "ஏய் மருமகளே, கை வைக்காத. அதுங்களும் வேலதான் பாக்குதுங்க" என்றார். தாய்மாமனுக்கு அக்கா மகள் மருமகள்தானே, அப்படித்தான் கூப்பிடுவார். நான் கோபித்துக்கொண்டு, புழுவுக்குப் பரிந்து பேசுகிறவரோடு பேசமாட்டேன் என்று இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தேன்.

பூச்சித் தொரை ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மூன்று நாள் முன்னால் மாமாவைக் கண்டிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது, பாஸ்போட்டுக்குக் கையெழுத்துப் போட. போகாமல் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை இரவு ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், ஏறினால் சனிக்கிழமை காலை பதுளைக்கு வந்துவிடலாம், அங்கேயே தொரையின் ஜீப்பில் ஏறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுவிட்டுப் புறப்பட்டார். போகும்போது அம்மாவிடம், "அக்கா, தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றார். அம்மா தலையாட்டினாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொரை வருகிறார் என்றால் முதல்நாள் எல்லாம் சுத்தமாக வேண்டும். கான் வெட்டித் தண்ணீர் ஓட விடுவார்கள், லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், குப்பையைத் தொரை கண்ணில் படாத பக்கம் தள்ளுவார்கள். ஒழுகுகிற கூரையை எந்தத் தொரைக்கும் யாரும் காட்டியதில்லை. காட்டினால் தொரை கோபித்துக்கொள்வார், கங்காணி ஏசுவார். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அந்தச் சும்மா பாத்தியைப் பார்த்தேன். நாளைக்குத் தொரை வருவார். இந்தக் கந்தலைப் பார்ப்பார். மாமாவுக்குத் தோட்டம் வைக்கத் தெரியவில்லை என்பார். மாமா கப்பலேற வேண்டியதுதான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. "பெரியம்மா, மாமாவ அனுப்பிருவாங்க பெரியம்மா, வந்து பாருங்க."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். மாமா சாட்சி என்று சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவு வந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் வந்தது அவமானம். "இதக் காட்டியா அந்தப் பய வேல கேக்கப் போறான்? நம்ம லயத்து மானமே போயிருமே!" என்றாள். பிறகு வாயில் கை வைத்துக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் யார் வராமல் இருப்பார்கள்?

பெண்கள் எல்லோரும் வந்தார்கள். கொழுந்து எடுக்கிற விரல்கள் அல்லவா, புழுவைப் பொறுக்கினால் எப்படி இருக்கும்! அரை மணி நேரத்தில் டின் நிறைந்துவிட்டது. ஆனால் ஓட்டை விழுந்த இலையை என்ன செய்வது? ஓட்டை இலைகளைக் கிள்ளிப் பார்த்தார்கள், கோவா மொட்டையாக நின்றது. அப்போதுதான் பெரியம்மா அந்த யோசனையைச் சொன்னாள். வீட்டுக்கு ஒரு கோவாவை வேர் மண்ணோடு பெயர்த்து இங்கே கொண்டு வந்து வைத்துவிடுவது.

அந்த நாட்களில் ஒரு கோவா என்றால் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்வெட்டியால் வட்டமாக வெட்டி, வேர் ஆடாமல், சாக்குத் துண்டில் பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசிக் காம்பராவில் புருசனை இழந்த ஓர் அக்கா இருந்தாள், மூன்று பிள்ளைகள். அவள் தோட்டத்தில் தேறியது ஒரே ஒரு கோவா. "நீ குடுக்க வேணாம்டி" என்றார்கள். அவள் கேட்கவில்லை. "எங்களுக்குக் கடுதாசி எழுதுறது யாரு? அவருதானே" என்று கொண்டுவந்து வைத்தாள். பெரியம்மா தன் தோட்டத்திலேயே பெரியதைப் பெயர்த்தாள். அம்மா தண்ணீர் சுமந்து ஊற்றினாள். மாமா தண்ணி மட்டும் ஊற்றச் சொன்னது அம்மாவுக்கு மறந்துபோயிருக்குமா? மறந்திருக்காது. ஆனால் பத்து வீட்டுக்காரர்கள் தங்கள் சோற்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எந்த அக்காவுக்கு வாய் வரும்?

சனிக்கிழமை காலையில் பாத்தியைச் சுற்றி வெள்ளைக் கல் அடுக்கினோம். மாவுக்கு வழியில்லாததால் மிச்சமிருந்த சுண்ணாம்பில் கோலம் போட்டாள் அம்மா. எனக்கு எண்ணெய் தடவி, சிவப்பு ரிப்பன் கட்டி முன்வரிசையில் நிறுத்தினார்கள். அப்பாகூடச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்ற நாள் வேறு இல்லை. ஆசிரியையாகி விருது வாங்கிய அன்றுகூட இல்லை.

ஜீப் வந்தது. மாமா முன்னால் உட்கார்ந்திருந்தார், தூக்கமில்லாத முகம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். தொரை நோட்டுப் புத்தகத்தோடு இறங்கி முதல் பாத்திக்குப் போனார். இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து எழுதினார். இரண்டாவதில் கறுத்துத் தொங்கிய ஒரு புழுவைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து அதைப் பத்திரமாக உள்ளே போட்டுக்கொண்டார். பிறகு சும்மா பாத்திக்கு வந்தார்.

ஒரு செடி பார்த்தார். அடுத்த செடி. அடுத்தது. பேனா எழுதவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார், புது மண். மெதுவாக நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

மாமா பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிறிதும் பெரிதுமாகப் பத்துக் கோவா, பத்து வீட்டுக் கோவா. அதில் இரண்டு மூன்று அதற்குள் வாடத் தொடங்கியிருந்தன. பிறகு கான் ஓரத்தில் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தார். பெரியம்மா, கடைசிக் காம்பரா அக்கா, அம்மா, கடைசியாக என்னை. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். எனக்குத் தெரிந்து அவர் முகத்தில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. நான் எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

தொரையிடம் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். தொரை கேட்டார். கேட்கக் கேட்க எங்கள் பக்கம் திரும்பினார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, யாருக்கும் கழற்றாத தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தை மூடினார். மாமாவின் தோளில் கை வைத்து அவரும் ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சச் சிங்களத்தில் ஒன்றே ஒன்று புரிந்தது. அடுத்த தடவை.

ஜீப் வளைவு திரும்பியதுதான் தாமதம். "அடுத்த தடவையும் வாறேன்னு தொரை சொல்லிட்டாரு! அடுத்த தடவையும் வாறேன்னு சொல்லிட்டாரு!" என்று லயம் முழுக்க ஓடினேன். பெண்கள் குலவை போடாத குறை. பெரியம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "தொரை என்னா தம்பி சொன்னாரு? சொல்லு."

"இப்புடி ஒரு தோட்டத்த எங்கயும் பாத்ததில்லன்னு சொன்னாருக்கா" என்றார் மாமா.

அது பொய்யில்லை. அப்படியும் சொல்லித்தான் இருப்பார்.

இதெல்லாம் என்ன என்று எனக்கு விளங்க இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது. ஆசிரியப் பயிற்சியில் விஞ்ஞானப் பாடம். விரிவுரையாளர் இரண்டு பயற்றஞ் செடியைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று வெளிச்சத்தில் வளர்ந்தது, பச்சையாக இருந்தது. மற்றது பெட்டிக்குள் வைத்தது, வெளுத்துச் சோர்ந்து கிடந்தது. பெட்டிக்குள் வைத்தது எதற்கு என்று கேட்டார். வகுப்பில் எனக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. எழுந்து நின்றேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

தொரை மாமாவை நம்பினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நம்பி என்ன செய்வது? அறிக்கையில் எதை எழுதுவார்? மருந்து போட்டதும் நன்றாக இருக்கிறது, போடாததும் நன்றாக இருக்கிறது என்றா? திரும்ப முதலிலிருந்து போட வேண்டும், அடுத்த போகத்தில். கோவா முற்ற மூன்று மாதமாவது வேண்டும். மாமாவுக்கு இருந்தது ஒரு மாதம்.

அன்று மாலை அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் நின்று மாமாவிடம் மெதுவாகக் கேட்டாள். "எப்பத் தம்பி கடுதாசி குடுப்பாராம்?"

"அடுத்த போகத்துக்குக்கா" என்றார் மாமா.

அம்மா உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் நின்று வாயில் சேலையைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அம்மாமேல் எரிச்சல் வந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கும்போது எதற்கு இந்த அழுகை?

அம்மாவும் மாமாவும் லயத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பெரியம்மா சாகும்வரை தன் கோவாதான் பாத்தியிலேயே பெரியது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள். வேலை கிடைக்காமல் போனது மேலே இருந்தவர்களின் ஓரவஞ்சனை என்று சொல்லி, யாரென்றே தெரியாத அவர்களை வாய் ஓயாமல் திட்டுவாள். மாமா போவதற்கு முன் பிழைத்திருந்த கோவாவைப் பெயர்த்து ஒவ்வொரு வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தார். எது எந்த வீட்டுக் கோவா என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கடைசிக் காம்பரா அக்காவின் கோவா வாடிச் செத்துவிட்டிருந்தது. முதல் பாத்தியிலிருந்து இரண்டை வெட்டி, உங்களுடையது ரெண்டாக் காய்ச்சிருக்கு என்று சொல்லிக் கொடுத்தார்.

பதுளை ஸ்டேசனில் கோச்சி புறப்படும்போது எல்லோரும் கத்தி அழுதார்கள். ஒரு கோச்சி முழுக்க அழுகை. அந்தச் சத்தத்தில் விசில் ஊதியதுகூட எனக்குக் கேட்கவில்லை. நான் அழவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று மாமாவிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, அடுத்த தடவ தொரை வந்தா யாரு தோட்டத்தக் காட்டுறது?"

"நீதான் காட்டணும் மருமகளே."

"தொரைக்குப் புடிச்சிருந்தா உங்களத் திருப்பிக் கூப்பிடுவாரா?"

மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டார். "கூப்பிடுவாரு" என்றார். வேறு என்ன சொல்ல முடியும் அந்த மனுசனால்?

நீலகிரிப் பக்கமிருந்து நாலைந்து கடிதம் வந்தது. அங்கேயும் தேயிலை, அங்கேயும் குளிர், அங்கேயும் புழு என்று எழுதியிருந்தார். பிறகு நின்றுபோனது. நாங்களும் இடம் மாறினோம், அவரும் மாறியிருப்பார். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. இருந்தால் எண்பதைத் தாண்டியிருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்க இல்லை. அவர் என்றைக்கோ மன்னித்துவிட்டார், அது எனக்குத் தெரியும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாமா போன பிறகு அம்மா மற்ற இரண்டு பாத்தியிலும் மரவள்ளி நட்டுவிட்டாள். சும்மா பாத்தியை எனக்கு விட்டுக் கொடுத்தாள். நான் பத்துக் கோவாக் கன்று நட்டேன். பள்ளி விட்டதும் புத்தகப் பையைப் போட்டுவிட்டு அங்கேதான் ஓடுவேன். அடுத்த தடவை தொரை வருவாரே. ஓர் இலை விடாமல் புரட்டிப் பார்ப்பேன், அடிப்பக்கம், நடுக் குருத்து, எல்லாம். மழை பெய்தாலும் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பார்ப்பேன். ஒரு புழு கண்ணில் பட்டாலும் விடமாட்டேன். அது அங்கே இருந்தால் மாமா வரமாட்டார் என்று நினைத்தேன்.